ஆனைமுதுகில் ஒரு முதல்மாதிரி

ஒரு பல்லிக்குப் பெயர் வைக்க வேண்டுமென்றால் முதலில் அதைக் கொல்ல வேண்டும்.

பூங்கோதை இதுவரை பத்தொன்பது பல்லி இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறாள். ஒவ்வொரு இனத்திலிருந்தும் ஒரு பல்லி சென்னை அருங்காட்சியகத்தில், கண்ணாடி ஜாடிக்குள், சாராயத்தில் ஊறிக்கொண்டிருக்கிறது. அதற்கு முதல்மாதிரி என்று பெயர். நாளைக்கு யாராவது எங்கோ ஒரு பாறையில் ஒரு பல்லியைப் பிடித்துவிட்டு, இது புதுசா பழசா என்று குழம்பினால், அந்த ஜாடியைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அந்த ஒரு சாவில்தான் மொத்த இனத்தின் பெயரும் தொங்குகிறது.

இருபதாவது இப்போது அவள் உள்ளங்கையில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

சுண்டுவிரல் நீளம். ஈரச் சிலேட்டின் கறுப்பு. தொண்டையில் மட்டும் மஞ்சள் பூசிய மாதிரி ஒரு வளையம். வட்டமான கண்மணி. உருப்பெருக்கிக்கு அடியில் வைத்து உதட்டுச் செதில்களை எண்ணியபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, இது உலகத்தில் எந்த ஜாடியிலும் இல்லாத ஒன்று.

இடம், தேனிக்கு மேற்கே ஆனைமுதுகு என்கிற மலை. மலை என்பதைவிட ஒரே கல் என்று சொல்லலாம். அதன் வயிற்றைக் குடைந்து, மேற்கே வீணாகிற ஆற்றுநீரைக் கிழக்கே ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோகும் சுரங்கம் தயாராகக் காத்திருந்தது. வெடி வைக்க வேண்டியதுதான் பாக்கி. குறுக்கே நின்றது பெயருள்ள உயிர்கள் சட்டம். ஓர் இடத்தில் மட்டுமே வாழும் உயிருக்கு முறையான பெயர் இருந்தால் அந்த இடத்தை யாரும் தொடக்கூடாது. பெயர் இல்லையென்றால் தொடலாம். முறையான பெயர் என்றால் எழுதிய விவரணை, படங்கள், அருங்காட்சியகத்தில் ஒரு முழு உடல். தீர்ப்பாயம் திங்கட்கிழமை கூடுகிறது. அன்று வியாழன்.

பூங்கோதை பல்லியின் இடது பின்னங்காலைப் பிடித்துக் கத்தரியை எடுத்தாள். மரபணுச் சோதனைக்கு ஒரு விரல் நுனி போதும். கடுகளவு. எல்லாப் பல்லிகளுக்கும் செய்வதுதான்.

வெட்டினாள். பல்லி அந்தக் காலை மடக்கித் தூக்கிக்கொண்டது.

கூடாரத்துக்கு வெளியே தொலைநோக்கியோடு நின்றிருந்தான் ஜலீல். மரபணு பார்க்கிறவன், ராமநாதபுரம் பக்கத்துக் கீழக்கரைக்காரன், அவளைவிட எட்டு வயது இளையவன், பேச்சை நிறுத்தத் தெரியாதவன். அவன் குரல் திடீரென்று தணிந்து வந்தது.

"அக்கா. கொஞ்சம் வெளிய வாங்க."

"வேலையா இருக்கேன்டா."

"வாங்கக்கா."

வந்தாள். பாறைச் சரிவு முழுக்க வெயில். அதில் நூற்றுக்கணக்கான கறுப்புப் பல்லிகள், காலையிலிருந்து இருந்த மாதிரியே இருந்தன. ஒரு வித்தியாசம்தான். அத்தனையும் மூன்று கால்களில் நின்றன.

இடது பின்னங்கால், மடக்கித் தூக்கியபடி.

அவள் கையிலிருந்த கத்தரி கீழே விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

அன்று மாலைவரை இருவரும் சாப்பிடவில்லை. கையிலிருந்த பல்லியின் முதுகில் குளிர்ந்த கரண்டியை வைத்தால், பாறையெங்கும் முதுகுகள் நெளிந்தன. அதன் முகத்தில் மெல்ல ஊதினால் எல்லாமே தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டன. தற்செயல் என்று நினைக்க ஒரு வழியாவது மிச்சமிருக்கட்டும் என்று பூங்கோதை ஆசைப்பட்டாள். பிடிபட்டிருந்த இன்னொரு பல்லியை டப்பாவில் போட்டு, ஜலீலை ஜீப்பில் சின்னமனூருக்கு அனுப்பினாள். அங்கே ஒரு டீக்கடை வாசலில் நின்று, போனைக் காதில் வைத்தபடி, அதன் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டான்.

இந்தச் சாதிப் பல்லிகளுக்கு இமை கிடையாது. கண்ணை நாக்கால்தான் துடைக்கும்.

மழையில்லை, பனியில்லை. காய்ந்து கொதிக்கும் ஆனைமுதுகில், நூற்றுக்கணக்கான சிவந்த நாக்குகள் ஒரே கணத்தில் வெளியே வந்து, நூற்றுக்கணக்கான கண்களைத் துடைத்துவிட்டு உள்ளே போயின.

"அக்கா, என்ன ஆச்சு? லைன்ல இருக்கீங்களா?"

அவள் போனை இறக்கினாள். கோயிலுக்குப் போகும் பழக்கம் அவளுக்கு இல்லை. ஆனாலும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் பாறையை நெருங்கினாள்.

வெள்ளிக்கிழமை காலை தலைமைப் பொறியாளர் மாசிலாமணி வந்தார். திட்டத்தின் ஆள்தான் என்றாலும் தினமும் தூக்குவாளியில் சுக்குக் காப்பி கொண்டுவந்துவிடுவார். எதிர்த்தரப்பு வக்கீலுக்கே காப்பி வாங்கிக்கொடுக்கும் ரகம். விஷயத்தைக் கேட்டுவிட்டு, இரட்டைப் பிள்ளைகள் மாதிரியா என்றார்.

"இல்ல சார். உங்களுக்குக் கையில எத்தன விரல்?" என்றாள் பூங்கோதை.

"பத்து."

"அப்ப நீங்க பத்து ஆளா?"

அவர் காப்பியை ஊற்றுவதை நிறுத்தினார்.

"பாறை பூரா உரிஞ்சு கெடந்த தோலைப் பொறுக்கி மெஷின்ல போட்டேன் சார்" என்றான் ஜலீல். "மரபணுவுல ஒரு எழுத்து மாறல. ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல சேதி எப்படிப் போகுதுன்னு கேக்காதீங்க. ராத்திரி பூரா யோசிச்சேன், கம்பியும் இல்ல, அலையும் இல்ல. எனக்குத் தெரியல, தெரிஞ்சவங்க யாரும் இருக்காங்களான்னும் தெரியல. அங்க இருக்கறது ஆயிரம் பல்லி இல்ல. ஒரு பல்லி. அதுக்கு உடம்பு மட்டும் ஆயிரம்."

பூங்கோதை மீதியைச் சொன்னாள். பல்லி முட்டை ஓடு பாறை இடுக்கில் ஒட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் கிடக்கும். இங்கே ஓர் ஓடுகூட இல்லை. குஞ்சு இல்லை. எலும்பு இல்லை. எல்லாம் ஒரே அளவு. நேற்று ஒரு வல்லூறு பாய்ந்தது. அதன் நிழல் பாறையில் விழுவதற்கு முன்பே சரிவு காலியாகிவிட்டது. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்த கண்கள் முன்னாலேயே பார்த்துவிட்டன.

"பொறக்கவுமில்ல, சாகவுமில்லன்னா... எத்தன காலமா இருக்கு இது?"

"இந்தக் கல்லு எத்தன காலமா இருக்கோ."

மாசிலாமணி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு அவர்தான் முக்கியமான கேள்வியைக் கேட்டார். "அவ்வளவு உஷாரான ஜீவன் உங்க கையில எப்படிம்மா மாட்டுச்சு?"

பூங்கோதை யோசித்தாள். வலை வீசவில்லை. துரத்தவில்லை. பாறையில் கையை ஊன்றி ஏறும்போது அதுவாகப் புறங்கையில் ஏறி உட்கார்ந்தது. இரண்டாவதும் அப்படித்தான்.

"நாம அதைப் புடிக்கல சார்" என்றாள் மெதுவாக. "அது நம்மளப் பாக்க வந்திருக்கு."

"சரி. ஒண்ணக் கொன்னா மத்ததெல்லாம்?"

"தெரியாது. இதுக்கு முன்னாடி அது செத்துப் பாத்ததில்ல."

"கொல்லலைன்னா பேரில்ல. பேரில்லன்னா திங்கக்கிழம எனக்கு உத்தரவு வந்துரும், வெடி வெச்சுருவேன். வெக்காம இருக்க எனக்கு அதிகாரமில்லம்மா. கொன்னா?"

"கொன்னா, ஒருவேள பேரு மட்டுந்தான் மிஞ்சும்."

சனிக்கிழமை மதியம்வரை அவள் முடிவெடுக்கவில்லை. வழக்கமாகச் செய்கிறதைச் செய்தால் மனசு தெளியுமென்று, ஒப்பிடுவதற்காகப் பிடித்திருந்த சாதாரணப் பாறைப்பல்லி ஒன்றுக்கு ஊசி போட்டு, வெள்ளைத் தட்டில் கிடத்தினாள். இந்தத் தொழிலில் அதற்கென்று ஒரு முறை உண்டு. வயிறு கீழே, முதுகு நேராக. முன்னங்கைகள் சரணடைகிறவன் மாதிரி மேலே மடங்கியிருக்க வேண்டும். விரல்கள் ஒவ்வொன்றும் விரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பின்னால் வருகிறவர்கள் எண்ண முடியாது. வாயைச் சற்றுத் திறந்து ஒரு பஞ்சுத் துணுக்கு. பிறகு ஃபார்மலின். அந்த நிலையிலேயே இறுகிவிடும், நூறு வருஷத்துக்கு.

அவள் விரல்களை விரித்துக்கொண்டிருந்ததைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து இரண்டு ஜோடிக் கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன. அதாவது, ஆயிரம் ஜோடி.

அடுத்த ஊசியில் மருந்தை ஏற்றினாள். பெட்டியைத் திறந்து, விரல்நுனி இழந்த அதைக் கையில் எடுத்தாள். மேல்வயிற்றில் அதன் துடிப்பு தெரிந்தது. ஊசிமுனையை அங்கே கொண்டுபோனாள்.

கை நகரவில்லை.

"உங்களால முடியலைன்னா நான் போடுறேன்" என்றான் ஜலீல். குரலில் கேலி இல்லை. "எங்க லாத்தா, கூடப்பொறந்த அக்கா, நேத்து போன் பண்ணுச்சு. தண்ணி லாரி வந்து நாலு நாளாச்சாம். இந்தத் தண்ணி எங்க ஊருக்குத்தான்க்கா வருது, அதை நிறுத்தத்தான் நான் இங்க உக்காந்திருக்கேன். இது பொழைச்சா லாத்தா என் மூஞ்சில முழிக்காது. செத்தா என் மூஞ்சில நானே முழிக்க முடியாது. அதனால என் கையில குடுங்க. எனக்கு எப்படியும் நஷ்டம்தான்."

அவள் கொடுக்கவில்லை. ஊசி மருந்தை மண்ணில் பீய்ச்சிவிட்டு, பாறையடியில் போய் இரண்டு பல்லிகளையும் இறக்கிவிட்டாள். அவை ஓடவில்லை. நடந்தே போயின.

தோற்றுவிட்டோம் என்று தெரிந்த தூக்கம் நல்ல தூக்கம். ஞாயிறு விடிந்து வெளிச்சம் வந்த பிறகுதான் எழுந்தாள். சாமான்களைக் கட்டலாம் என்று கூடார மேசைக்குப் போனவள், அப்படியே நின்றாள்.

கழுவி வைத்திருந்த வெள்ளைத் தட்டில் ஒரு கறுப்புப் பல்லி கிடந்தது.

வயிறு கீழே. முதுகு நேராக. முன்னங்கைகள் மேலே மடங்கி, விரல்கள் ஒவ்வொன்றும் விரிந்து. வாய் சற்றுத் திறந்திருந்தது. இடது பின்னங்காலில் ஒரு விரல்நுனி இல்லை.

தொட்டுப் பார்த்தாள். உயிர் இல்லை.

"ஜலீல், நீயாடா?"

அவன் போர்வையை உதறிவிட்டு வந்தான். தட்டைப் பார்த்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் மறுபடி கேட்கவில்லை. இருவரும் பாறையைப் பார்த்து ஓடினார்கள். செருப்பில்லாமல், மூச்சிரைக்க.

சரிவு முழுக்க அவை இருந்தன. உயிரோடு. ஒன்றுகூடச் சாகவில்லை. எல்லாத் தலைகளும் கூடாரத்தின் பக்கம் திரும்பியிருந்தன. மஞ்சள் தொண்டைகள் ஒரே சீராக ஏறி இறங்கின, ஆனைமுதுகே மூச்சு விடுகிற மாதிரி. பூங்கோதை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தாள். நமக்கு என்ன வேண்டுமென்று அது பார்த்தது. புரிந்துகொண்டது. எதை இழக்கலாம் என்று தேர்ந்து, தன்னில் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டது. நாம் கிடத்துகிற மாதிரியே கிடத்தி.

கூடாரத்துக்குத் திரும்பி, அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மாதிரியை இரண்டு கைகளாலும் எடுத்தாள்.

அன்றே சென்னைக்குப் புறப்பட்டார்கள். பாறையைப் பார்த்து வைத்திருந்த கேமரா சூரிய பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வரத்தானே போகிறோம் என்று அதை எடுக்கவில்லை. வழியெல்லாம் அவள் மடியில் ஜாடி. விவரணையை ஜீப்பிலேயே முடித்தாள். லத்தீன் பெயருக்கு, பல உடல் கொண்ட ஒன்று என்று பொருள் வரும்படி பார்த்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை தீர்ப்பாயம் ஜாடியைப் பார்த்தது, ஜலீலின் சாட்சியத்தைக் கேட்டது, சுரங்கத்தை நிரந்தரமாக நிறுத்தியது. கீழக்கரைக்காரனே வந்து சொல்கிறான் என்றால் உண்மையாகத்தான் இருக்கும் என்று நீதிபதியே சொன்னாராம். மாலையில் ஜலீல் ஊருக்குப் போன் போட்டான். லாத்தா எடுத்தது, அவன் குரலைக் கேட்டது, எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டது. மாசிலாமணி மட்டும் அவளிடம் வந்து கைகுலுக்கினார். "நல்ல காரியம்தாம்மா. மூணு தாலுகா இன்னொரு பத்து வருஷம் லாரிக்குப் பின்னாடி ஓடும். அதையும் நீங்க தெரிஞ்சுக்கணும், அதுக்குத்தான் சொல்றேன்" என்றார். வலிக்கிற மாதிரி இல்லாமல் சொன்னதால்தான் அதிகமாக வலித்தது.

புதன்கிழமை ஆனைமுதுகுக்குத் திரும்பினார்கள்.

பாறை காலியாக இருந்தது.

வெயில் ஏறட்டும் என்று காத்திருந்தார்கள். ஏறியது. ஜலீல் இடுக்குகளில் டார்ச் அடித்துப் பார்த்தான். மறுபக்கச் சரிவுக்குப் போய்ப் பார்த்தான். பிறகு கேமராவைக் கழற்றி, அதில் பதிந்த படத்தை மடிக்கணினியில் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. திரையில் பாறை, பல்லிகள். தூரத்தில் அவர்கள் ஜீப் மண்பாதையில் இறங்குகிறது. எல்லாத் தலைகளும் ஜீப்போடு மெதுவாகத் திரும்புகின்றன. ஜீப் வளைவில் மறைகிறது.

அடுத்த கணம் மலை நகர்ந்தது. அப்படித்தான் தோன்றியது. இடுக்குகளிலிருந்து, அடிவாரத்திலிருந்து, அவர்கள் பார்த்தேயிராத பொந்துகளிலிருந்து கறுப்பு உடல்கள் பெருகி வந்தன. ஆயிரம் என்று நினைத்தது எத்தனை மடங்கு குறைவு. அவசரமில்லாமல், ஒன்றோடொன்று மோதாமல், ஒரு நதி தன் கரையைத் தானே தீர்மானித்த மாதிரி ஒழுகி, சிகரத்தைத் தாண்டி, மேற்கே வழிந்து இறங்கியது. கடைசி உடலும் மறைந்த பிறகு வெறுங்கல். ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது.

பூங்கோதை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஜலீல்தான் பேசினான்.

"அக்கா, பல்லி வாலை எப்ப விடும்?"

அவள் திரும்பிப் பார்த்தாள். அதைப் பற்றி அவள் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறாள்.

"புடிக்க வர்றவன் முன்னாடி" என்று அவனே சொன்னான். "வாலு தனியா கெடந்து துள்ளும். வந்தவன் அதையே பாத்துக்கிட்டு நிப்பான். அந்த நேரத்துல பல்லி போயிரும். நாம ஒரு பல்லி செத்துப்போச்சுன்னு அழுதோம்."

"அது காணிக்கைன்னு நெனச்சேன்டா" என்றாள். "ரெண்டு கையாலயும் வாங்கினேன்."

அது தங்களை எவ்வளவு சரியாக அடையாளம் கண்டிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. கையில் ஏறி உட்கார்ந்து, மூன்று நாள் கூர்ந்து பார்த்து, இது இன்ன வகை என்று முடிவு செய்திருக்கிறது. உதட்டுச் செதில் எண்ணத் தேவைப்படவில்லை.

இனி ஒரு கேள்விதான் இருந்தது. இந்தப் படம் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரியாதவரை மலை பிழைக்கும், அதன் காடு பிழைக்கும், பூங்கோதையின் பெயர் உலகமெல்லாம் போகும். தெரிந்தால், சட்டப்படி இது வெறும் கல்.

"நான் சொல்ல மாட்டேன்" என்றான் ஜலீல். "சொன்னா எங்க ஊருக்காகச் சொன்ன மாதிரி ஆயிரும். சொல்லாம இருன்னாலும் இருக்கேன். நீங்கதான் முடிவு பண்ணணும்."

அவள் காலிப் பாறையைப் பார்த்தாள், அதற்காக லாரிக்குப் பின்னால் ஓடப்போகிற மூன்று தாலுகாவை நினைத்தாள். பிறகு போனை எடுத்தாள்.

மாசிலாமணி முழுக்கக் கேட்டார். "திரும்பி வந்துட்டா என்னம்மா பண்றது?" என்றார் கடைசியாக.

"வந்தாலும் நம்ம கண்ணுக்குப் படாது சார். படத்தை அனுப்புறேன், தீர்ப்பாயத்துல குடுத்துருங்க. உங்க தண்ணியக் கொண்டுபோங்க."

"எந்தப் பக்கம் போச்சுன்னு..."

"அதை நான் தேடப்போறதில்ல."

போனை வைத்ததும் ஜலீல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மேக்காலதான் போயிருக்கு. கேரளாக்காரன் பேரு வெக்கட்டும், நமக்கு வேண்டாம்" என்றான். அவள் சிரித்துவிட்டாள். அவன் கண் ஈரமாக இருந்ததை இருவருமே கவனிக்காத மாதிரி இருந்துகொண்டார்கள்.

மழைக்காலத்துக்கு முன்பே சுரங்கத்தில் வெடிச்சத்தம் கேட்கத் தொடங்கியது. லாத்தா தானாகவே போன் செய்தது, ஜலீலுக்கு இல்லை, பூங்கோதைக்கு. குழாய் பதிக்கிற ஆட்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள் என்றும், அந்தப் பல்லி எங்கேயிருந்தாலும் நல்லா இருக்கட்டும் என்று துஆ செய்வதாகவும் சொன்னது.

சென்னை அருங்காட்சியகத்தில் அந்த ஜாடிக்கு மட்டும் ஒரு தனி அறை ஒதுக்கினார்கள். பூங்கோதை ஒருநாள் அங்கே போனாள். ஜப்பானிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் வந்த நிபுணர்கள் மேசையைச் சுற்றி நெருக்கியடித்து நின்றார்கள். ஒருவர் செதில் எண்ணினார். ஒருவர் விரல்களை அளந்தார். ஒருவர் ஊசிமுனையால் கண்ணின் ஓரத்தைத் தொட்டு, உள்ளே என்ன இருக்கிறதென்று குனிந்தார். உலகத்தின் மிகச் சிறந்த கண்கள் அத்தனையும் அந்த மேசைமேல் இருந்தன. ஒருவரும் நிமிரவில்லை.

அவள் வாசலிலேயே நின்றுகொண்டாள். உள்ளே அத்தனை பேரும் வாலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.